நாற்பது வருடப் பாக்கி

1542-ஆம் வருட இலையுதிர் காலம். ரோம் நகரில் மசெல் தெ கோர்வி என்ற பகுதியில் ஒரு பழைய வீடு. அதற்குள் 67 வயதுக் கிழவர் ஒருவர் வெளியே தலைகாட்டாமல் உட்கார்ந்து கடிதங்கள் எழுதிக்கொண்டிருக்கிறார். நண்பர் லூயிஜி தெல் ரிச்சோவுக்கு எழுதிய ஒன்றில், சின்ன வயதிலேயே கந்தகக் குச்சி செய்கிற தொழிலில் தன்னைச் சேர்த்துவிட்டிருந்தால் இன்று இப்படி நெஞ்சு கொதிக்க வேண்டியிருந்திருக்காது என்று புலம்புகிறார். விளக்கேற்றுகிற குச்சி. சிஸ்டைன் தேவாலயத்தின் விதானத்தை வரைந்து முடித்து முப்பது வருடம் ஆன கை எழுதுகிற வரி அது. அதே தேவாலயத்தின் பலிபீடச் சுவரில் இறுதித் தீர்ப்பை வரைந்து ஒரு வருடம்கூட முழுதாகக் கழியவில்லை.

அதே நாட்களில் ஒரு மதகுருவுக்கும் நீண்ட கடிதம் ஒன்று எழுதினார். அதைக் கடிதம் என்பதைவிட கணக்குப் புத்தகம் என்று சொல்லலாம். முப்பத்தேழு வருடத்துக்கு முன் படகுக்காரர்களுக்குக் கூலி கொடுக்கக் கடன் வாங்கியது அதில் இருக்கிறது. புனித பேதுரு சதுக்கத்தில் குவித்து வைத்திருந்த பளிங்குக் கற்களில் சின்னவை திருடு போனது இருக்கிறது. வங்கியதிபர் அகொஸ்தீனோ கீஜி இரண்டு கல்லை எடுத்துக்கொண்டதும், அவற்றின் விலை ஐம்பது பொற்காசுக்கு மேல் என்பதும்கூட இருக்கின்றன. கீஜி செத்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. மைக்கலாஞ்சலோ எதையும் மறக்கவில்லை, எதையும் தள்ளுபடி செய்யவுமில்லை. இளமை முழுவதையும் இந்தக் கல்லறையில் கட்டிப்போட்டுத் தொலைத்துவிட்டேன் என்கிறார்.

எந்தக் கல்லறை?

1505 வசந்தத்தில் போப்பாண்டவர் இரண்டாம் ஜூலியஸ் அவரை ரோமுக்கு அழைத்தார். மைக்கலாஞ்சலோவுக்கு முப்பது வயது. பிளாரன்ஸில் தாவீது சிலையை முடித்திருந்தார், பேர் பரவியிருந்தது. ஜூலியஸுக்குத் தன் சமாதியை உயிரோடிருக்கும்போதே பார்த்துவிட வேண்டும். சுவரில் ஒட்டிய சமாதி போதாது, நான்கு பக்கமும் சுற்றி வந்து பார்க்கிற மாதிரி தனியே நிற்கிற ஒரு பளிங்கு மாளிகை வேண்டும். நாற்பதுக்கு மேற்பட்ட சிலைகள், ஐந்து வருடக் கெடு, 10,000 டூகாட் கூலி. இருவருக்கும் ஒரே பித்து பிடித்திருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். நாற்பது சிலையை ஐந்து வருடத்தில், அதாவது ஒன்றரை மாதத்துக்கு ஒன்று வீதம், தன் கையாலேயே செதுக்க முடியும் என்று நம்பிய சிற்பிக்கும் இந்தக் கதையில் பங்கு உண்டு.

கல் எடுக்க அவர் கராரா மலைக்குப் போனார். இரண்டு வேலையாட்கள், ஒரு குதிரை, எட்டு மாதம். கல்லைத் தானே நின்று பார்த்து வெட்டச் சொல்லி, கடல் வழியாக அனுப்பினார். அது தைபர் நதித் துறையில் வந்து இறங்கி, சதுக்கத்தில் பாதியை அடைத்துக்கொண்டு கிடந்தது. ஊர் வேடிக்கை பார்த்தது. ஜூலியஸ் தன் மாளிகை நடையிலிருந்து சிற்பியின் பட்டறைக்கு நேராகப் போய்வர ஒரு தூக்குப் பாலமே போடச் செய்தார் என்று மைக்கலாஞ்சலோவின் சீடர் கோண்டிவி எழுதுகிறார். போப்பாண்டவர் பட்டறையில் வந்து உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பாராம், கூடப்பிறந்தவரைப் போல. 

அந்த அன்பு ஒரு வருடம்கூட நிற்கவில்லை. இவ்வளவு பெரிய சமாதியை எங்கே வைப்பது என்று இடம் தேடப் போய், பழைய பேதுரு பேராலயத்தையே இடித்துப் புதிதாகக் கட்டுகிற யோசனை பிறந்தது என்பது கோண்டிவி தரும் விவரம். கட்டடக்கலைஞர் பிரமாந்தே உள்ளே வந்தார். பணம் அந்தப் பக்கம் திரும்பியது. சமாதி பெற்றெடுத்த பேராலயம் சமாதியையே விழுங்கிவிட்டது.

1506 ஈஸ்டருக்கு முந்தைய சனிக்கிழமை. சாப்பாட்டு மேஜையில் ஜூலியஸ் ஒரு நகைக்காரரிடம் பேசிக்கொண்டிருப்பது மைக்கலாஞ்சலோ காதில் விழுகிறது. சின்னக் கல்லோ பெரிய கல்லோ, இனிமேல் கல்லுக்குச் சல்லிக்காசு செலவழிக்கப்போவதில்லை என்கிறார் போப்பாண்டவர். நகைக்காரரிடம் பேசியதால் அது ரத்தினக் கல்லைப் பற்றிய பேச்சாகக்கூட இருக்கலாம். சிற்பிக்கு அது தன் கல்தான். அந்த நேரத்தில் அவருக்குப் பணம் வேண்டும். திங்கட்கிழமை வரச் சொன்னார்கள், போனார். செவ்வாய் போனார், புதன் போனார், வியாழன் போனார். வெள்ளிக்கிழமை காலை ஒரு குதிரைச் சேவகன் வாசலில் மறித்துத் திருப்பி அனுப்பினான். பக்கத்தில் நின்ற ஒரு பிஷப், இவர் யாரென்று தெரியவில்லையா என்று அவனைக் கேட்டார். தெரியும், ஆனால் எனக்கு உத்தரவு அப்படி என்றான் அவன். அரசு அலுவலக வராந்தாவில் பெஞ்சில் காத்திருந்த எவருக்கும் அந்த ஐந்து நாள் நடை புரியும். சேவகன் மேல் மைக்கலாஞ்சலோவுக்குக் கோபமில்லை. அன்று இரவே குதிரை ஏறினார், ராத்திரியோடு ராத்திரியாக பிளாரன்ஸ் எல்லைக்குள் போய்விட்டார். போப்பாண்டவர் அனுப்பிய ஐந்து தூதர்கள் துரத்தி வந்து பிடித்தபோது போஜிபோன்ஸி என்ற ஊரில், அவர்கள் கை படாத மண்ணில், இருந்தார். மறுநாள், ஏப்ரல் 18, புதிய பேராலயத்துக்கு ஜூலியஸ் அடிக்கல் நாட்டினார்.

இதற்குப் பிறகு நடந்தது பாதி அரசியல், பாதி நாடகம். அனுப்பி வைக்கச் சொல்லி பிளாரன்ஸ் ஆட்சிக்குழுவுக்கு மூன்று ஓலை வந்தது. குடியரசின் தலைவர் சொதெரீனி சிற்பியைக் கூப்பிட்டு, பிரான்ஸ் ராஜாவே செய்யத் துணியாததை நீ செய்திருக்கிறாய், உனக்காக நாங்கள் போப்பாண்டவரோடு போருக்குப் போக முடியாது என்று சொல்லிவிட்டார். நவம்பரில், ஜூலியஸ் படையோடு வந்து கைப்பற்றியிருந்த போலோஞாவில் இருவரும் சந்தித்தார்கள். சமாதானம் பேச வந்த ஒரு பிஷப், ‘இந்தக் கலைஞர்கள் தங்கள் தொழில் தவிர வேறொன்றும் அறியாத மூடர்கள், மன்னித்து விடுங்கள்’ என்ற தோரணையில் ஏதோ சொல்லப்போக, ஜூலியஸின் கோபம் முழுவதும் அவர் மேல் திரும்பியது. அடித்து வெளியே தள்ளினார்கள். சிற்பிக்கு மன்னிப்பு. அதிகாரமுள்ளவர்கள் தங்களுக்குப் பிடித்தவனைத் திட்டுகிற உரிமையை வேறு யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.

மன்னிப்புக்கு விலை இருந்தது. போலோஞாவில் போப்பாண்டவரின் பெரிய வெண்கலச் சிலை ஒன்றைச் செய்ய வேண்டும். வெண்கலம் என் தொழில் இல்லை என்று மைக்கலாஞ்சலோ சொல்லிப் பார்த்தார். முதல் வார்ப்பு பாதியில் கெட்டது, மறுபடி வார்த்தார். 1508 பிப்ரவரியில் சான் பெத்ரோனியோ ஆலயத்தின் வாசலுக்கு மேல் சிலை ஏறியது. எல்லாச் செலவும் போகக் கையில் மிஞ்சியது நாலரை டூகாட் என்று பிறகு கணக்கு எழுதினார். ஊரைத் திரும்பப் பிடித்த ஜூலியஸின் எதிரிகள் 1511 டிசம்பரில் சிலையை இழுத்துத் தள்ளி உடைத்தார்கள். உலோகம் பெர்ராரா பிரபு அல்போன்ஸோவிடம் போனது. அவர் அதை உருக்கிப் பீரங்கி வார்த்து, அதற்கு ‘லா ஜூலியா’ என்று பெயர் வைத்தார். பதினாலு மாத உழைப்பு நாலு வருடம்கூட நிற்கவில்லை.

சிஸ்டைன் விதானத்தைப் பற்றி உலகமே எழுதியிருக்கிறது, இங்கே அதிகம் வேண்டாம். 1508 மே மாதம் முன்பணம் 500 டூகாட் வாங்கியபோது ‘சிற்பி மைக்கலாஞ்சலோ’ என்றே குறித்துக்கொண்டார், எடுத்த வேலை ஓவியமாக இருந்தபோதும். 1512 அக்டோபர் கடைசியில் திறப்பு. இடையில் ஒரு நாள், எப்போது முடியும் என்று ஜூலியஸ் கேட்க, முடிகிறபோது முடியும் என்று இவர் சொல்ல, கிழவர் கையிலிருந்த கோலால் அடித்தார். அடி வாங்கியவர் மூட்டை கட்டத் தொடங்கினார். அதற்குள் போப்பாண்டவரின் ஆள் 500 டூகாட்டும் மன்னிப்பும் எடுத்துக்கொண்டு ஓடி வந்தான். கோண்டிவி இதைச் சொல்கிற விதத்தில் ஒருவிதப் பெருமை இருக்கிறது, அந்தப் பெருமை குருநாதருடையதாகத்தான் இருக்க வேண்டும். 

1513 பிப்ரவரியில் ஜூலியஸ் இறந்தார். உண்மையான தொல்லை அங்கேதான் ஆரம்பம். உயிரோடு இருந்த ஜூலியஸோடு சண்டை போடலாம், ஓடிப் போகலாம், திரும்பி வரலாம், கோலடியும் பணப்பையும் வாங்கலாம். செத்த ஜூலியஸ் நிறைவேற்றுநர்களாகவும் வாரிசுகளாகவும் நோட்டரிகளாகவும் மாறிவிட்டார். அவர்களோடு கோபித்துக்கொள்ளக்கூட முடியாது. காகிதத்தில் என்ன இருக்கிறதோ அதுதான் பேச்சு. அந்த வருடம் மே மாதம் புதிய ஒப்பந்தம் போட்டார்கள். கூலி 16,500 டூகாட்டாக உயர்ந்தது, கெடு ஏழு வருடம். மோசே சிலையும், இப்போது பாரிஸில் இருக்கிற இரண்டு அடிமைச் சிலைகளும் அந்தச் சில வருட அமைதியில் பிறந்தவை. 1516-இல் மூன்றாவது ஒப்பந்தம், சமாதி சிறுத்தது. 1532-இல் நான்காவது, இன்னும் சிறுத்தது. 1542-இல் கடைசி.

அந்த அமைதியைக் கலைத்தவர் பத்தாம் லியோ. மெதிச்சி குடும்பத்துப் பிள்ளை, சிறுவனாக பிளாரன்ஸ் அரண்மனையில் மைக்கலாஞ்சலோவோடு ஒரே மேஜையில் சாப்பிட்டவர். அவருக்குத் தன் குடும்ப ஆலயமான சான் லொரென்ஸோவுக்கு முகப்பு கட்ட வேண்டும். ஜூலியஸின் வாரிசுகளான தெல்லா ரோவெரே குடும்பத்தின் மேல் அவருக்குக் கரிசனம் இருக்க நியாயமில்லை. அவர்கள் கையிலிருந்த உர்பினோ பிரபுப் பட்டத்தையே 1516-இல் பறித்தவர் அவர். 1518 ஜனவரியில் முகப்புக்கு 40,000 டூகாட் ஒப்பந்தம். ஆனால் கல் கராராவிலிருந்து வரக் கூடாது, பிளாரன்ஸ் ஆட்சிக்குள் இருக்கிற செரவேஸ்ஸா மலையில்தான் எடுக்க வேண்டும் என்றார்கள். அங்கே வழியே கிடையாது. உலகத்தின் முதல் சிற்பி சதுப்பை மேடாக்கி, பாறையை உடைத்து, ரோடு போடுகிற மேஸ்திரியானார். கராராக்காரர்களுக்குக் கோபம், அவர்கள் படகு கிடைக்காமல் செய்தார்கள். ஒரு தூணை இறக்கும்போது ஒரு கூலியாளின் கழுத்து முறிந்து அங்கேயே உயிர் போனது. 1519 ஏப்ரலில் இன்னொரு தூண். பாதி மலை இறக்கிய பிறகு, அதைப் பிடித்திருந்த இரும்பு வளையம் விட்டுப்போனது. தூண் ஆற்றில் விழுந்து நூறு துண்டானது. உடைந்த வளையத்தை எடுத்துப் பார்த்தால் உள்ளே இரும்பு கத்தி முதுகளவுகூட இல்லை. வெளியே பருமன், உள்ளே பொக்கு. சுற்றி நின்றவர்கள் அத்தனை பேரும் சாவிலிருந்து மயிரிழையில் தப்பினார்கள் என்று உதவியாளனுக்கு எழுதினார். அடுத்த வருடம் மார்ச்சில் ஒப்பந்தம் ரத்து. சான் லொரென்ஸோவின் முகம் இன்றுவரை கரடுமுரடான வெறும் சுவர்தான். பிளாரன்ஸ் போகிறவர்கள் அதைக் கடந்து உள்ளே போய், அவர் செதுக்கிய மெதிச்சி சமாதிகளைப் பார்த்துவிட்டு வருகிறார்கள்.

அடுத்து வந்த மெதிச்சி போப்பாண்டவர் ஏழாம் கிளெமென்ட் இவர்கள் எல்லோரிலும் நயமானவர். அவரும் 1525-இல் ஒரு விபரீத ஆசையைச் சொல்லியனுப்பினார். மெதிச்சி அரண்மனை எதிர்மூலையில் நாற்பது முழ உயரத்துக்கு ஒரு ராட்சதச் சிலை. மைக்கலாஞ்சலோ முடியாது என்று சொல்லவில்லை. யோசித்துப் பார்த்தேன் என்று ஆரம்பித்து, அந்த மூலையில் ஒரு நாவிதர் கடை இருப்பதால் சிலையை உட்கார வைத்து, பின்புறத்துக்கு அடியில் கடையை வைத்துக்கொள்ளலாம், வாடகையும் போகாது என்று எழுதினார். கையில் ஒரு கொம்பைக் கொடுத்தால் கடைப் புகை அதன் வழியே போகும். தலை பொள்ளலாக இருக்குமாதலால் காய்கறிக்காரர் ஒருவர் அங்கே புறாக்கூடு வைக்க ஆசைப்படுகிறார். இன்னும் உயர்த்தினால் ஆலய மணிக்கூண்டாகவும் ஆக்கிவிடலாம், மணிச் சத்தம் வாய் வழியே வரும்போது ராட்சதன் ‘இரக்கம், இரக்கம்’ என்று கதறுவது போலக் கேட்கும். போப்பாண்டவரின் ஆசைக்கு எழுதிய பதிலில் இவ்வளவு கிண்டல் செய்ய அந்த நூற்றாண்டில் எத்தனை பேருக்குத் தைரியம் இருந்திருக்கும்? அதற்குப் பிறகு ராட்சதனைப் பற்றி யாரும் வற்புறுத்தவில்லை. 

இந்த இடத்தில் ‘அதிகாரத்திடம் சிக்கிய அப்பாவிக் கலைஞன்’ என்ற சித்திரம் கொஞ்சம் ஆட்டம் காண்கிறது. 1532 ஒப்பந்தத்தைப் பற்றிக் கோண்டிவி சொல்வதைக் கவனிக்க வேண்டும். கிளெமென்ட் மைக்கலாஞ்சலோவை பிளாரன்ஸிலேயே வைத்திருக்கப் பார்த்தார், மைக்கலாஞ்சலோவுக்கோ ரோமுக்குப் போய்விட வேண்டும். அதனால் ஜூலியஸின் வாரிசான உர்பினோ பிரபுவுக்குத் தான் பட்ட கடனை, உள்ளதைவிடச் சில ஆயிரம் கூட்டிச் சொல்ல ஒத்துக்கொண்டார். கடன் பெரிதாகத் தெரிந்தால் போப்பாண்டவர் விட்டுவிடுவார் என்று நினைப்பு. அந்தப் பொய்த் தொகை ஒப்பந்தத்தில் அப்படியே எழுத்தாக ஏறிவிட்டது. பிறகு அதை நினைத்து நொந்துகொண்டார். வாரிசுகள் கேட்கும்போது ‘போப்பாண்டவர் விடமாட்டேன் என்கிறார்’, போப்பாண்டவர் கேட்கும்போது ‘வாரிசுகளுக்குப் பட்ட கடன் இருக்கிறது’. இருபது வருடம் ஒரு பாக்கியைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டே இன்னொரு பாக்கியைத் தள்ளிப்போட்டவர், கடைசியில் அந்தக் கேடயத்தின் கனத்தாலேயே தடுமாறினார்.

கோண்டிவியின் வாழ்க்கை வரலாறு வெளியானது 1553-இல். மூன்று வருடத்துக்கு முன் வந்த, கலைஞர்களின் வாழ்க்கையை எழுதிய வசாரியின் நூலில் விட்டுப்போனதையும் பிழைபட்டதையும் சரிசெய்வது அதன் நோக்கம். பாதி நூல் சமாதி விவகாரத்துக்கான வாதம்போலவே இருக்கிறது. எழுதியவர் சீடர், குரல் குருநாதருடையது. ஜூலியஸ் நமக்கு இன்று கோலும் கோபமுமாகத் தெரிகிறார் என்றால், அந்த உருவத்தைச் செதுக்கியதும் மைக்கலாஞ்சலோதான்.

பணக் கணக்கும் அவர் சொன்ன மாதிரி இல்லை. பிளாரன்ஸ் ஆவணங்களிலிருந்து அவருடைய வங்கிக் கணக்குகளைத் தோண்டியெடுத்த வரலாற்றாய்வாளர் ராப் ஹாட்ஃபீல்டு 2002-இல் வெளியிட்ட ஆய்வில், இந்த ஏழை பெரும் பணக்காரர் என்பது தெரிந்துபோயிற்று. முன்பணங்கள் வந்தன, அவை நிலமாயின, பிளாரன்ஸைச் சுற்றித் தோட்டங்களாயின. 1542 கடிதத்தில் அவரைக் கொதிக்க வைத்தது ஊர்ப்பேச்சுதான். ஜூலியஸின் பணத்தை வட்டிக்கு விட்டுச் சம்பாதித்தான் என்றார்கள், போப்பாண்டவர் 8,000 டூகாட்டை முன்கூட்டியே எண்ணிக் கொடுத்துவிட்ட மாதிரி. 1564-இல் அவர் இறந்தபின் வீட்டைத் திறந்து பட்டியல் எடுத்தபோது, அக்ரூட் மரப்பெட்டி ஒன்றில் 8,000-க்கு மேல் பொற்காசு இருந்தது. பிளாரன்ஸ் பிரபுவின் மனைவி எலியனோரா பித்தி அரண்மனையை விலைக்கு வாங்கியது 9,000 காசுக்கு. பெட்டியில் இருந்தது ஜூலியஸின் பணம்தான் என்று சொல்ல ஆதாரம் ஒன்றும் கிடையாது. ஆனாலும் அந்த எண்ணைப் பார்த்ததும் ஒரு சிரிப்பு வரத்தான் செய்கிறது. கணக்கில் பொய் இருந்தது, மனக்குறையில் பொய் இல்லை. பணம் சேர்ந்தது, நேரம்தான் போனது.

மூன்றாம் பால் வந்தார். இவரை என் வேலைக்கு வைத்துக்கொள்ள முப்பது வருடமாகக் காத்திருக்கிறேன், போப்பாண்டவர் ஆன பிறகும் முடியாதா, எங்கே அந்த ஒப்பந்தம், கிழித்துப்போடுகிறேன் என்றார். எட்டுப் பத்து கர்தினால்களோடு மசெல் தெ கோர்வி வீட்டுக்கே வந்தார். பட்டறையில் மோசே உட்கார்ந்திருந்தது. மந்துவா கர்தினால் அதைப் பார்த்துவிட்டு, ஜூலியஸின் சமாதிக்குப் பெருமை சேர்க்க இந்த ஒன்று போதுமே என்றார். கேட்பதற்குப் பாராட்டு, காரியத்தில் அது தீர்ப்பு. நாற்பது சிலைக்கு வாங்கின கடன் ஒரே சிலையில் கழிந்தது. 1536 நவம்பரில் பால் தன் ஆணையாலேயே வாரிசுகளின் அபராதத்திலிருந்து அவரை விடுவித்து, இறுதித் தீர்ப்பை வரைவதற்கு வழிவிட்டார்.

1545-இல் சமாதி எழுந்தது, பேதுரு பேராலயத்தில் அல்ல, ஜூலியஸ் கர்தினாலாக இருந்தபோது அவர் பொறுப்பில் இருந்த சான் பியெத்ரோ இன் வின்கோலி என்ற அடக்கமான ஆலயத்தில். சுவரோடு ஒட்டிய ஒரு பக்கம் மட்டும். மோசேயும் இருபுறமும் ராகேல், லேயாள் என்ற இரு பெண்களும் மைக்கலாஞ்சலோவின் கை. மேலே இருக்கிற மாதாவையும் தீர்க்கதரிசியையும் குறிசொல்லும் பெண்ணான சிபில்லையும் செதுக்க ரபேல்லோ தா மொந்தெலூபோவை அமர்த்தினார். மேல்தட்டு ஒரு கை, கீழ்தட்டு வேறு கை என்பது பார்த்தவுடனே தெரியும். மோசேயை அண்ணாந்து பார்க்கிற உயரத்துக்கென்று கணக்குப் போட்டு செய்தது, இப்போது தரையோடு ஒட்டி உட்கார்ந்திருக்கிறது. அதனால்தான் நேரே நின்று பார்த்தால் உடல் கொஞ்சம் நீண்டு, கால் குறுகித் தெரிகிறது. ரோம் நகர யூதர்கள் சனிக்கிழமைதோறும் கூட்டமாக வந்து அதைப் பார்த்தார்கள் என்று வசாரி எழுதுகிறார். 1913-இல் ஃப்ராய்ட் மூன்று வாரம் தினமும் அதன் முன்னால் நின்று, அடுத்த வருடம் பெயர் போடாமல் ஒரு கட்டுரை வெளியிட்டார். எல்லோருக்கும் மோசேதான் கண்ணில் படுகிறது. மேலே ஒரு போப்பாண்டவர் ஒருக்களித்துப் படுத்திருப்பதை நிமிர்ந்து பார்க்கிறவர்கள் குறைவு.

இடமில்லாமல் போன சிலைகள் சிதறின. தான் நோயில் கிடந்த வீட்டின் சொந்தக்காரர் ரொபெர்த்தோ ஸ்ட்ரோஸ்ஸிக்கு இரண்டு அடிமைகளை மைக்கலாஞ்சலோ கொடுத்துவிட்டார். அவை பிரான்ஸ் போய் இப்போது லூவ்ரில் நிற்கின்றன. பாதி கல்லுக்குள் மாட்டிக்கொண்டு பிதுங்கி நிற்கும் நான்கு அடிமைகள் பிளாரன்ஸ் பட்டறையில் கிடந்து, பிறகு பிரபுவின் பூங்காவில் செயற்கைக் குகை ஒன்றின் மூலைக்கு ஒன்றாக, சுண்ணாம்புப் பாறையும் சிப்பியும் பூசிய சுவரில் புதைக்கப்பட்டு, மூன்று நூற்றாண்டுக்கு மேல் ஈரத்தில் நின்றன.

ஜூலியஸ் அந்தச் சமாதியில் இல்லை. அவர் பேதுரு பேராலயத்திலேயே, தன் பெரியப்பா நான்காம் சிக்ஸ்தஸின் எலும்புகளோடு, தரையில் பதித்த ஒரு எளிய கல்லின் கீழ் இருக்கிறார். நடக்கிறவர்கள் மிதித்துக்கொண்டு போகிறார்கள். அந்தப் பெரியப்பாவுக்கு 1493-இல் முடிந்த அழகான வெண்கலச் சமாதி ஒன்று உண்டு, அந்தோனியோ பொல்லாயுவோலோ செய்தது. அதைச் செய்யச் சொல்லிச் செலவழித்தவர் இந்தத் தம்பி மகன்தான், அப்போது கர்தினால். சிற்பி ஓடவில்லை, வழக்கும் வரவில்லை. அது இப்போது பேராலயத்தின் கருவூல அருங்காட்சியகத்தில் தனியாக இருக்கிறது, அடியில் யாரும் இல்லாமல்.